வா, ரொட்டி சாப்பிடு: ஆர்மேனியத் தோட்டத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காருவது எப்படி

ஆர்மேனியாவில் ஊர்ப்புறச் சாலையில் மத்தியானம் ஒரு மணிவாக்கில் நடந்து போனால், பக்கத்துத் தோட்டத்திலிருந்து யாராவது கையசைத்துக் கூப்பிட நிறையவே வாய்ப்பு உண்டு. மரத்தடியில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் விரித்த துணியில் ரொட்டி, பாலாடைக்கட்டி, தக்காளி, ஒரு குவியல் பச்சிலை. "ஆரி, ஹாத்ஸ் கேர்" என்று குரல் வரும். வா, ரொட்டி சாப்பிடு என்று அர்த்தம். 'ஹாத்ஸ்' என்றால் ரொட்டி. மொத்தச் சாப்பாட்டுக்கும் அதே சொல்தான், நமக்குச் 'சோறு' மாதிரி.

நம் ஊர் ஆள் அந்த இடத்தில் என்ன செய்வார்? நெஞ்சில் கை வைத்து, "இல்லைங்க, இப்பதான் சாப்பிட்டேன்" என்பார். நானும் முதல் தடவை அதையே சைகையில் சொன்னேன். ஒரு பெரியவர் எழுந்து சாலைக்கே வந்தார், என் தோளிலிருந்த பையைக் கழற்றினார், அதைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குத் திரும்பிப் போய்விட்டார். பை போன பிறகு ஆள் போகாமல் என்ன செய்வது?

அதற்குப் பிறகு இரண்டு பருவங்களில் பல மரத்தடிகளில் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். தப்பும் செய்திருக்கிறேன். புதிதாகப் போகிறவர்கள் அந்த ஒரு மணி நேரத்தை எப்படிக் கையாளலாம் என்று வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது: அது அவர்களுடைய சாப்பாட்டு வேளை. விடியற்காலையிலிருந்து குனிந்து நிமிர்ந்தவர்களுக்குக் கிடைக்கிற ஒரே இடைவேளை. ஆறு பேருக்குக் கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டில் நீங்கள் ஏழாவது ஆள். அவர்கள் அதைக் காட்டிக்கொள்ளவே மாட்டார்கள். நினைவில் வைத்திருக்க வேண்டியது நாம்தான்.

எப்போது, எந்தப் பக்கம் போவது

ஆராராத் சமவெளியில் ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரை ஆப்ரிகாட் பருவம். அந்தப் பழத்துக்குத் தாவரவியல் பெயரே 'புரூனஸ் ஆர்மேனியாகா'. அவர்கள் வாயில் 'த்சிரான்'. வெயில் 40 டிகிரியைத் தொடும் என்பதால் வேலை விடியலிலேயே தொடங்கிவிடும், மத்தியானம் எல்லோரும் நிழலில்தான் இருப்பார்கள். கோர் விராப் மடாலயத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் காரில் வந்து, எதிரே தெரிகிற ஆராராத் மலையைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். மடாலயத்தைச் சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். அந்த மண் பாதைகளில் நடந்தால் நிஜ ஊர் கண்ணில் படும்.

திராட்சை அறுவடை என்றால் வாயோத்ஸ் ஸோர் மாகாணத்தின் அரேனி பக்கம். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. அங்கே ஒரு குகையில் சுமார் 6,100 ஆண்டு பழமையான ஒயின் தயாரிப்புக் கூடம் கண்டெடுக்கப்பட்டிருக்கிறது. அதே சாலையோரத்தில் இன்றைக்கும் வீட்டு ஒயினைக் கோலா பாட்டிலில் ஊற்றி விற்கிறார்கள். ஈரானுக்குப் போகும் லாரிக்காரர்கள் எல்லையில் மாட்டாமல் கொண்டுபோகத்தான் அந்த ஏற்பாடு என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

குளிர் தாங்குவீர்கள் என்றால் செப்டம்பர், அக்டோபரில் செவான் ஏரிக்குத் தெற்கே, 1,900 மீட்டருக்கும் மேலான உயரத்தில், உருளைக்கிழங்கு தோண்டுவதைப் பார்க்கலாம்.

இன்னொரு நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயங்களில் திராட்சையை ஆசீர்வதிப்பார்கள். அதற்கு முன் திராட்சையை வாயில் வைக்காத பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் கொடியிலிருந்து ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டு "அருமை" என்று சொல்லிவிடாதீர்கள்.

யார் தோட்டம் என்பதையும் கவனிக்கலாம். சோவியத் கூட்டுப் பண்ணை நிலங்களை 1991-இலேயே குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அதனால் பெரும்பாலானவை சின்னத் துண்டுகள். வேலை செய்கிறவர்கள் வீட்டு ஆட்கள், அக்கம்பக்கம், கூடவே சில கூலியாட்கள். அங்கே யாரைக் கூப்பிடலாம் என்று அந்தக் குடும்பத்துப் பெரியவரே முடிவு செய்துவிடுவார். கம்பிவேலி, மேஸ்திரி, கணக்கு நோட்டு என்றிருக்கும் பெரிய தோட்டம் வேறு கதை. அங்கே இடைவேளை அளந்துதான் கிடைக்கும். வணக்கம் சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

திரும்பி வர வண்டி உண்டா என்பதைச் சாப்பிட உட்காருவதற்கு முன்னாலேயே கேட்டு வையுங்கள். மார்ஷ்ருட்கா எனப்படும் வேன்கள் காலையில் தாராளமாக ஓடும். மதியத்துக்கு மேல் பல ஊர்களுக்குச் சந்தேகம்தான். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்று கீழே தெரியும்.

பையில் என்ன வைப்பது

சாக்லேட், மிட்டாய் போதும். நான் ஒரு தடவை கடலை மிட்டாய் கொண்டுபோனேன். வெல்லத்தின் மணத்தை முகர்ந்து பார்த்து, கடித்து, ஒரு பாட்டி இரண்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். வேறெந்தப் பரிசுக்கும் அப்படி ஒரு மரியாதை கிடைக்கவில்லை. காபிப்பொடி கொடுப்பதும் அங்கே வழக்கம்தான், ஆனால் நம் ஃபில்டர் காபிப்பொடியைக் கொண்டுபோகாதீர்கள். அவர்களுக்கு முகப்பவுடர் மாதிரி அரைத்த பொடி வேண்டும், சிக்கரியும் ஒத்துவராது. மது பாட்டில் வேண்டவே வேண்டாம். நீங்கள் ஒன்றைத் திறந்தால் அவர்கள் இரண்டைத் திறப்பார்கள். பழத்தோட்டத்துக்குப் பழம் வாங்கிப் போன ஒரு நண்பரை எனக்குத் தெரியும். அவரைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

வீட்டுக்கே அழைத்தால் பூ கொண்டுபோகலாம், ஒற்றைப்படையில். இரட்டைப்படை துக்க வீட்டுக்கு.

கூப்பிடுவதற்கு முன், கூப்பிட்ட பின்

வேலை செய்கிறவர்களைக் கடந்து போகும்போது வெறும் 'பரேவ்' (வணக்கம்) சொல்வதைவிட 'பாரி அஜோகும்' என்று சொல்லிப் பாருங்கள். வேலை நல்லபடி முடியட்டும் என்கிற வாழ்த்து. கொஞ்சம் பழைய காலத்து வழக்கு. 'அஸ்த்து பாரின்' என்று பதில் வரும், கடவுள் நல்லது செய்யட்டும் என்று. வெளிநாட்டுக்காரர் வாயில் இதைக் கேட்டதும் குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருங்கள். வேலியோரம் கேமராவோடு தயங்கித் தயங்கி நின்றால் அது சாப்பாடு கேட்பதற்குச் சமம். அவர்களும் வேறு வழியில்லாமல் கூப்பிடுவார்கள். அழைப்பு நிஜமா, மரியாதைக்கா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. 'ஹமெத்செக்' என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து சாப்பிட்டால் அது மரியாதை. நெஞ்சில் கை வைத்து நன்றி சொல்லிவிட்டுப் போகலாம். யாராவது நகர்ந்து இடம் விட்டாலோ, உட்காரப் பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டாலோ, அதற்கு மேல் மறுக்காதீர்கள்.

முதலில் கை கழுவ வேண்டும். ஊருக்குள் பல இடங்களில் 'புல்புலாக்' என்கிற குடிநீர்க் குழாய்க்கல் இருக்கும். தோட்டத்தில் என்றால் ஒருவர் பாட்டிலைச் சாய்த்து இன்னொருவர் கையில் ஊற்றுவார், நாம் செம்பில் ஊற்றிக்கொடுப்பது போலவே. உங்கள் கையைக் கழுவியதும் பாட்டிலை வாங்கி அடுத்தவருக்கு நீங்கள் ஊற்றுங்கள். பாஷை தெரியாத இடத்தில் முதல் அறிமுகத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

தலையாட்டுவதில் கவனம் வேண்டும். 'சரி சரி' என்று நாம் பக்கவாட்டில் ஆட்டுவது அங்கே 'வேண்டாம்' என்றுதான் புரியும். எனக்கு இரண்டு தடவை தட்டு வராமல் போனது இதனால்தான். மேலும் கீழுமாக ஆட்டி 'ஹா' என்று சொல்லிவிடுங்கள், ஆமாம் என்று அர்த்தம். 'சே' என்றால் இல்லை.

விரித்த துணியில் என்ன இருக்கும்

லவாஷ் இல்லாமல் அங்கே சாப்பாடே கிடையாது. கைக்குட்டை போல மடிக்கலாம், அத்தனை மெல்லிய ரொட்டி. தரையில் குழியாகப் பதித்த 'தோனிர்' என்கிற மண் அடுப்பின் உள்சுவரில் அறைந்து சுடுவார்கள். பெரும்பாலும் பெண்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, ஒரே நாளில் பல நாட்களுக்குச் சுட்டு அடுக்கி வைப்பார்கள். 2014-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. தோட்டத்துக்கு வரும்போது ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவருவார்கள். அதுவே தட்டு, கரண்டி, கைத்துடைப்பான் எல்லாம்.

அப்புறம் 'பனீர்'. பெயரைக் கேட்டதும் நம் பாலக் பனீர் நினைவுக்கு வரும். மறந்துவிடுங்கள். இது உப்புநீரில் ஊறிய கட்டி. முதல் நாள் நான் இரண்டு விரல் கனத்துக்கு ஒரு துண்டை அப்படியே கடித்துவிட்டு, கண்ணில் நீர் வர மென்று விழுங்கினேன். தயிர்ச்சாதத்துக்கு நார்த்தங்காய் எப்படியோ, லவாஷுக்கு இது அப்படி. விரலால் கொஞ்சம் பிய்த்து வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பச்சிலைக் குவியலை முதலில் பார்க்கிற நம் ஆட்கள் அலங்காரம் என்று நினைத்து ஒதுக்குவார்கள். அதுதான் கறிகாய். ஊதா நிற 'ரெஹான்' நம் திருநீற்றுப்பச்சிலைக்கு நெருங்கிய சொந்தம். கிள்ளியதும் மணம் ஊரைக் காட்டிக்கொடுக்கும். 'தர்கூன்' நீண்ட மெல்லிய இலை, மென்றால் சோம்பு வாசம் வரும். கொத்தமல்லி, வெங்காயத்தாள் நமக்குத் தெரிந்தவைதான்.

இப்போது 'ப்ர்துச்' சுற்றுவதைப் பார்ப்போம். கை அகலத்துக்கு லவாஷைக் கிழித்து இடது உள்ளங்கையில் விரிக்க வேண்டும். (இடது கையைப் பற்றிய நம் கூச்சம் அங்கே யாருக்கும் இல்லை.) நடுவில் பனீரை உதிர்த்து நீளவாக்கில் ஒரு கோடாகப் போடுங்கள். அதன்மேல் ரெஹான் நாலு இலை, தர்கூன் ஒரு காம்பு, ஒரு வெங்காயத்தாள். கீழ்ப்பக்கத்தை முதலில் உள்ளே மடித்துவிட்டு, பிறகு பக்கவாட்டில் இறுக்கிச் சுருட்டுங்கள். தக்காளியும் வைத்திருந்தால், கீழே மடிக்காமல் சுருட்டியதும் சாறு முழங்கை வரை வழியும். நான் சுருட்டிய முதல் ப்ர்துச்சைப் பக்கத்திலிருந்த அம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. என் கையிலிருந்து வாங்கி, பிரித்து, மறுபடி சுற்றி, திருப்பி என் கையில் வைத்தார்.

குடிக்க 'தான்' இருக்கும். ஆமாம், பெயரே தான். தயிரை நீர் விட்டு, உப்புப் போட்டுக் கலக்கியது. நம் மோரேதான், கறிவேப்பிலையும் பச்சைமிளகாயும் இல்லாமல். 'மாத்சுன்' என்றால் தயிர். காரத்தை எதிர்பார்க்காதீர்கள். ஊறவைத்த நீளமிளகாய் ஒன்றிரண்டு இருந்தால் அதிர்ஷ்டம்.

ரொட்டித் துண்டு கீழே விழுந்தால் எடுத்து மேலே வையுங்கள். பெரியவர்கள் அதை முத்தமிட்டு வைப்பதைப் பார்க்கலாம். ரொட்டிக்கு அவ்வளவு மரியாதை. 'அகுஹாத்ஸ்', உப்பும் ரொட்டியும், என்றொரு சொல் அவர்களிடம் உண்டு. ஒருவரோடு உப்பும் ரொட்டியும் பகிர்ந்துகொண்டால் உறவு வந்துவிட்டதாகக் கணக்கு. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லி வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எவ்வளவு சாப்பிடுவது? தட்டு காலியானால் நிறையும், இதுதான் சட்டம். நமக்கு இலையை மடித்தால் போதும், பரிமாறுகிறவர் போய்விடுவார். அங்கே மடிக்க இலை இல்லை. அதனால் மெதுவாகச் சாப்பிடுங்கள், கையில் எப்போதும் பாதிச் சுருள் இருக்கட்டும். முட்டை, வேகவைத்த உருளைக்கிழங்கு போல எண்ணிக் கொண்டுவந்தவற்றை எடுப்பதற்கு முன் ஆட்களை எண்ணிப் பாருங்கள். ஆறு முட்டையும் ஏழு பேரும் இருந்தால், உங்களுக்கு முட்டை பிடிக்காது. போதும் என்று சொல்ல 'ஹெரிக் ஏ'. வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்ல 'குஷ்த் எம்'. தட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னால்தான் எடுபடும்.

சைவக்காரர்களுக்கு

சாதாரண நாட்களில் தோட்டத்துச் சாப்பாட்டில் உங்களுக்குப் பெரிய கஷ்டம் இருக்காது. மேலே சொன்னதில் கறியே வரவில்லை, கவனித்தீர்களா? அறுவடை முடிகிற நாளில்தான் சிக்கல். காய்ந்த திராட்சைக் கொடிக் குச்சிகளைக் கொளுத்தி, தணலில் 'கொரோவாத்ஸ்' சுடுவார்கள். பெரும்பாலும் பன்றி இறைச்சி. அதே தணலில் கத்தரிக்காய், தக்காளி, குடைமிளகாய் சுட்டுத் தோலுரிப்பார்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்ளுங்கள். சுட்ட கத்தரிக்காயின் வாசம் நம் வீட்டுக் கொத்சுவை நினைவுபடுத்தும்.

'மிஸ் செம் உதும்' என்றால் கறி சாப்பிட மாட்டேன். 'செம்' என்பதில் ச-வை 'பச்சை'யில் வருவது போல அழுத்துங்கள். கறி வேண்டாம் என்றால் கோழியைக் கொண்டுவருகிற அன்பு அங்கேயும் உண்டு என்பதால் 'ஹாவ்' (கோழி) என்று சொல்லிக் கையையும் ஆட்டிவிடுவது நல்லது. ஒரு குறிப்பிட்ட கறியை மட்டும் தவிர்ப்பவர்கள் இந்த மூன்றையும் தெரிந்துகொள்ளலாம்: 'கோஸ்' பன்றி, 'தவார்' மாடு, 'வோச்கார்' செம்மறியாடு.

'ஏன் சாப்பிட மாட்டாய்? உடம்பு சரியில்லையா?' என்கிற கவலைக்கு இன்னொரு சொல் கைகொடுக்கும்: 'பாஸ்'. விரதம். ஆர்மேனியத் திருச்சபையில் ஈஸ்டருக்கு முந்தைய பெருநோன்பில் கறி, பால், முட்டை எதுவும் கிடையாது. அந்த நாட்களுக்கென்றே 'பாசுத்ஸ் தோல்மா' என்று, பயறும் தானியமும் பொதிந்து முட்டைக்கோஸ் இலையில் சுற்றிய பண்டம் இருக்கிறது. எங்கள் வீட்டில் வருஷம் முழுக்க 'பாஸ்' என்று நான் ஒரு பாட்டியிடம் சைகையில் சொன்னேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டு என் கன்னத்தைத் தட்டினார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த மரியாதைக்கு நான் தகுதியானவன் அல்ல. அடுத்த வாய் முழுக்கப் பனீர்.

கோப்பை வந்தால்

ஓகி என்பது வீட்டில் வடித்த பழச் சாராயம். ஆல்கஹால் 50 சதவீதத்துக்குக் குறைவது அபூர்வம். முசுக்கொட்டைப் பழத்தில் செய்வது 'துத்தி ஓகி'. தெற்கே சியூனிக் பக்கம் அதுதான் ராஜா.

முதல் கோப்பை வருவதற்குள்ளேயே முடிவு செய்துவிட வேண்டும். ஒன்றைக் குடித்துவிட்டு இரண்டாவதை மறுப்பது மிகக் கஷ்டம். குடிக்காதவர் 'செம் க்மும்' என்று சொல்லலாம். இரண்டு கையாலும் ஸ்டியரிங் பிடிப்பது போலக் காட்டினால் இன்னும் சீக்கிரம் விட்டுவிடுவார்கள். மாத்திரை சாப்பிடுகிறேன் என்பதும் செல்லும். ஆனால் கையில் ஒரு கோப்பை இருக்க வேண்டும். மோரோ, பழரசமோ எதையாவது ஊற்றிக்கொண்டு அவர்களோடு சேர்ந்து தூக்குங்கள்.

குடிப்பவர்களுக்கு ஒழுங்கு உண்டு. யாரும் தன்பாட்டுக்கு உறிஞ்சக் கூடாது. ஒருவர், பெரும்பாலும் மூத்தவர், ஏதாவது சொல்வார். பெற்றோருக்காக, பிள்ளைகளுக்காக, விளைச்சலுக்காக. சொல்லி முடித்ததும் 'கெனாத்ஸ்', அதாவது வாழ்வுக்கு. இறந்தவர்களை நினைக்கும்போது கோப்பைகளை இடித்துக்கொள்ள மாட்டார்கள், அமைதியாகக் குடிப்பார்கள். மற்றவர் கையைப் பார்த்துச் செய்யுங்கள். உங்களையும் சொல்லச் சொல்வார்கள். தமிழிலேயே சொல்லலாம், முகத்தைப் பார்த்துச் சொன்னால் போதும்.

அரேனிக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில் துத்தி ஓகியின் பழவாசனையை நம்பி மூன்று கோப்பை போட்டேன். எழுந்து நின்றதும் மரம் நகர்ந்தது. கண் விழித்தபோது மணி நாலரை. யாரோ என்மேல் ஒரு கோட்டைப் போர்த்தியிருந்தார்கள். துணி, பாத்திரம் எல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது. அவர்கள் தோட்டத்தின் அந்தக் கோடியில் பறித்துக்கொண்டிருந்தார்கள், சத்தம் போட்டு என்னை எழுப்பிவிடாமல் இருக்க அங்கே போயிருக்கிறார்கள் என்று பிறகுதான் புரிந்தது. கடைசி வேன் போய்விட்டது. ஒரு பையன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு என்னைப் பெரிய சாலைவரை காரில் கொண்டுபோய் விட்டான். அறுவடைக் காலத்தில் ஒரு ஆளின் ஒரு மணி நேரம் எவ்வளவு என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

தனியாகப் போகும் பெண்கள், ஆண்கள் பாட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பக்கம் போகாமல், ரொட்டி பிரிக்கிற பெண்கள் பக்கத்தில் உட்காருவது நல்லது. அங்கே பேச்சும் அதிகம், ஓகியும் குறைவு.

லோரி மாகாணத்தில் ஃபியோலெத்தோவோ போன்ற ஊர்களில் மொலக்கான்கள் என்கிற ரஷ்ய மொழிக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மதுவைத் தொடுவதில்லை, படம் எடுப்பதையும் விரும்புவதில்லை. அங்கே தேநீர்தான்.

என்ன பேசுவது

'ஹின்த்கஸ்தான்' என்றால் இந்தியா. சொன்னதுமே வயதானவர்கள் ராஜ் கபூர், மிதுன் என்று ஆரம்பிப்பார்கள், பாட்டும் வரும். கூடச் சேர்ந்து முணுமுணுத்தால் போதும். வான்கோழிக்கு அவர்கள் மொழியில் 'ஹின்த்கஹாவ்', இந்தியக் கோழி என்று பெயர். நம் ஊரில் அது அவ்வளவாகக் கிடையாது என்று சொல்லிப் பாருங்கள், நம்பவே மாட்டார்கள்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு துருப்புச் சீட்டு உண்டு. உலகின் முதல் ஆர்மேனிய மொழிப் பத்திரிகை 'அஸ்தரார்' 1794-இல் மதராஸில்தான் அச்சானது. வெளியிட்டவர் ஹருத்யுன் ஷ்மவோனியன் என்கிற பாதிரியார். நாம் அரண்மனைக்காரன் தெரு என்று திரித்துக்கொண்ட தெரு உண்மையில் ஆர்மேனியன் தெரு. அங்குள்ள ஆர்மேனியத் தேவாலயத்தின் படம் ஒன்றைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லறைகளில் செதுக்கிய எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினால், கைப்பேசி கை மாறி மாறிப் போய்க் கடைசியில்தான் உங்களிடம் வரும்.

போரைப் பற்றி நீங்களாக எடுக்காதீர்கள். அஜர்பைஜானோடு நடந்த 2020 போரில் பிள்ளையை இழந்த வீடுகள் ஊருக்கு ஊர் உண்டு. அந்தச் சண்டைக்குக் காரணமான, ஆர்மேனியர்கள் வாழ்ந்த நாகோர்னோ கராபாக் பகுதியிலிருந்து 2023 செப்டம்பரில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியேறி வந்தார்கள். பக்கத்தில் கூலிக்குப் பறிக்கிறவர் அங்கே சொந்தத் தோட்டம் வைத்திருந்தவராக இருக்கலாம். 'எந்த ஊர்?' என்கிற சாதாரணக் கேள்விகூட அவருக்குச் சாதாரணமாக இருக்காது. அவர்களே சொன்னால் கேளுங்கள். எதிரே தெரிகிற ஆராராத் மலையைப் பற்றியும் அப்படித்தான். 5,137 மீட்டர் உயரம், கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. இருப்பதோ மூடிய எல்லைக்கு அப்பால், துருக்கியில். 'ஏறியிருக்கிறீர்களா?' என்று உற்சாகமாகக் கேட்டுவிடாதீர்கள்.

வயதானவர்களை 'தாத்திக்' (பாட்டி), 'பாபிக்' (தாத்தா) என்று கூப்பிடலாம். பெயரோடோ உறவோடோ 'ஜான்' சேர்த்தால் பாசம். 'த்சாவ்த் தானெம்' என்று உங்களைப் பார்த்து யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். 'உன் வலியை நான் எடுத்துக்கொள்கிறேன்' என்று அர்த்தம். நம் பாட்டிகள் கன்னம் வழித்து நெட்டி முறிப்பதை வாயால் செய்கிறார்கள்.

எப்போது எழுந்திருப்பது

காபி வந்தால் சாப்பாடு முடியப் போகிறது. சின்னக் கைப்பிடிப் பாத்திரத்தில் பொங்க வைத்து, சின்னக் கோப்பையில் வண்டலோடு தருவார்கள். அதைத் துருக்கிக் காபி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 'ஹைக்ககான் சுர்ச்', ஆர்மேனியக் காபி. அடியில் இருக்கும் வண்டலைக் குடிக்க வேண்டாம். யாராவது பாட்டி உங்கள் கோப்பையைக் கவிழ்த்து வைத்து, காய்ந்த கோடுகளைப் பார்த்துக் குறி சொன்னால் காது கொடுங்கள். எனக்குச் சொன்ன பயணம் நடந்தது, கல்யாணம் நடக்கவில்லை.

காபி முடிந்ததும் அவர்கள் எழுவதற்கு முன் நீங்கள் எழுந்துவிடுங்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும்வரை விருந்தாளியைத் தனியே விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு மனசு வராது. வெயில் தணிகிற நேரம் நழுவிக்கொண்டிருக்கும்.

பணத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். அரை மணி நேரம் வேலை செய்கிறேன் என்று கேளுங்கள். நிரம்பிய பெட்டிகளை வண்டிவரை தூக்கிக் கொடுப்பது பாதுகாப்பான வேலை, அதில் தப்பு செய்ய வழியில்லை. திராட்சைக் குலை வெட்டுவது பார்க்க எளிது, ஆனால் எதை வெட்ட வேண்டும், எதை விட வேண்டும் என்று காட்டித் தரும்வரை கத்தரியைத் தொட வேண்டாம். படம் எடுத்திருந்தால் அங்கேயே எண் வாங்கி அனுப்பிவிடுங்கள். ஊருக்குப் போய் அனுப்புகிறேன் என்று சொல்கிறவர்கள் அனுப்புவதில்லை, நான் உட்பட.

கிளம்பும்போது கையில் ஒரு பொட்டலம் திணிப்பார்கள். லவாஷ், ஒரு துண்டு பனீர், பருவத்துப் பழம். அதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், மறுத்தால் அளவு கூடும். அன்று இரவே சாப்பிட முடியாமல் போனால் லவாஷ் மறுநாள் அப்பளம் மாதிரி விறைத்திருக்கும். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். காய்ந்த லவாஷ் மாதக்கணக்கில் இருக்கும். கையைத் தண்ணீரில் நனைத்து அதன்மேல் தெளித்து, சுத்தமான துணியில் மூடிக் கால் மணி நேரம் வைத்தால் மறுபடி மடிக்க வரும்.